61-ஆவது குழந்தை

ஜூன் மாதம் பிறந்தால் பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடங்களின் வாசலில் தகப்பனார்கள் விடியற்காலையிலிருந்து வரிசையாக நிற்பதையும், ஐந்து வயதுக் குழந்தையின் படிப்புக்காக வீட்டு நகைகள் அடகுக் கடைக்குப் போவதையும் பற்றி நேயர்கள் வேண்டிய மட்டும் வாசித்திருப்பார்கள். அவை இடம் கிடைக்காத கதைகள். அதே ஜூன் மாதத்தில், அதே தமிழ்நாட்டில், பள்ளிக்கூடமே குழந்தையைத் தேடிக்கொண்டு தெருத்தெருவாக வரும் கதை ஒன்றும் நடக்கிறது. அங்கே இடம் தாராளமாக இருக்கிறது. சம்பளம் கட்ட வேண்டியதில்லை. புத்தகம் இனாம். உபாத்தியாயினி வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். குழந்தை ஒன்றுதான் வேண்டும்.

நான் சொல்ல வந்தது கிராமத்துக் கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலையைப் பற்றி. சர்க்கார் தஸ்தாவேஜுகளில் அதன் பெயர் 'ஆர்.சி. தொடக்கப் பள்ளி'. ஊர் ஜனங்களின் வாயில் அது 'மாதா கோயில் பள்ளிக்கூடம்' அல்லது 'சாமியார் பள்ளிக்கூடம்'. கன்னியாஸ்திரீகள் நடத்துவதாயிருந்தால் 'சிஸ்டர் பள்ளிக்கூடம்'. தஞ்சை, திருச்சி, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பினால் இத்தகைய பள்ளிகளை நிறையக் காணலாம். வெள்ளையடித்த கோயில், அதன் எதிரே கொடிமரம், பக்கத்தில் குகையைப் போல் கட்டிய மாதா கெபி, அதற்கு அப்பால் ஓடு வேய்ந்த நீண்ட கூடம் ஒன்று. கூடத்தை வகுப்புகளாகப் பிரிப்பவை பல ஊர்களில் கரும்பலகைகள்தாம். ஒன்றாம் வகுப்பு உரக்க 'அ, ஆ' சொல்லும்போது மூன்றாம் வகுப்புக்கு வாய்பாடு மறந்து போவது அங்கே சகஜம்.

பள்ளி திறக்கும் நாள் வருஷத்துக்கு வருஷம் சற்று மாறும். 2025-இல் ஜூன் 2-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். 2023-இல் வெயிலின் கொடுமையால் ஆரம்ப வகுப்புகள் ஜூன் 14 வரை தள்ளிப் போயின. எந்தத் தேதியானாலும் அன்று காலையில் பங்குச் சுவாமியார் வந்து ஜபம் சொல்வார், கூடத்தில் தீர்த்தம் தெளிப்பார், மிட்டாய் வழங்குவார். மூன்றிலும் பிள்ளைகள் எதை எதிர்பார்த்து நிற்கிறார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்த குழந்தைகளில் சிலருக்கு முந்தின விஜயதசமியன்று பிள்ளையார் சந்நிதியில் பச்சரிசியில் விரல் பிடித்து எழுத்து ஆரம்பித்திருப்பார்கள். அந்தக் குழந்தையே ஜூனில் அந்தோணியார் படத்துக்குக் கீழே உட்கார்ந்து அதே எழுத்தைச் சிலேட்டில் போடும். இதில் ஊராருக்கு ஆச்சரியம் ஒன்றும் கிடையாது. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்று மேல்; கத்தோலிக்கர் அதிலும் ஒரு பகுதிதான். கடற்கரை ஊர்களை விட்டுவிட்டால், மாதா கோயில் பள்ளிக்கூடத்தை நிரப்ப மாதா கோயில் குடும்பங்கள் மட்டும் எங்கே போதும்?

இனி அந்தக் கணக்குக்கு வருவோம். விஷயத்தின் உயிர்நிலை அதுதான்.

இப்பள்ளிகளின் கட்டடமும் நிர்வாகமும் திருச்சபையைச் சேர்ந்தவை. பங்குச் சுவாமியாரோ கன்னியர் மடத்துத் தாயாரோ தாளாளராக இருப்பார்கள். அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர்களின் சம்பளத்தைச் சர்க்கார் கொடுக்கிறது. எத்தனை ஆசிரியர்களுக்குக் கொடுப்பது என்பதைப் பிள்ளைகளின் தொகை தீர்மானிக்கிறது. 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, முதல் ஐந்து வகுப்புகளிலும் சேர்த்து 60 குழந்தைகள் வரையில் இரண்டு ஆசிரியர்கள்; 61 முதல் 90 வரை மூவர்; 91 முதல் 120 வரை நால்வர். ஆகஸ்டு 1-ஆம் தேதியன்று பதிவேட்டில் உள்ள எண்ணைக் கொண்டு இதை நிர்ணயிக்கிறார்கள்.

ஒரு பள்ளியில் 58 குழந்தைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். இருவரில் ஒருவர் தலைமை ஆசிரியை. அவருக்குச் சர்க்கார் கடிதப் போக்குவரத்து, உணவுக் கணக்கு, கைபேசியில் அன்றாடம் ஏற்ற வேண்டிய வருகைப் பதிவு ஆகிய உபரித் தொல்லைகளும் உண்டு. அவர் கல்வி அலுவலகத்துக்குப் போகும் நாளில் மற்றவர் ஒருவரே ஐந்து வகுப்புகளையும் கட்டி மேய்க்க வேண்டும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் பென்சில் பிடிக்கக் கையைப் பிடித்து உதவ வேண்டும். அதே நிமிஷத்தில் ஐந்தாம் வகுப்புப் பையனுக்குப் பின்னக் கணக்கு விளங்க வேண்டும். இப்படிப் பட்ட பள்ளியில் இன்னும் மூன்று குழந்தைகள் சேர்ந்தால் மூன்றாவது ஆசிரியர் இடத்துக்கு நியாயம் பிறக்கிறது. ஏற்கனவே மூவர் உள்ள பள்ளியில் எண்ணிக்கை 61-லிருந்து ஒன்று குறைந்தால் ஒரு பணியிடம் 'உபரி' என்று எழுதப்படும். அந்த ஆசிரியர் வேறு பள்ளிக்குப் போக நேரலாம். ஓய்வு பெறுகிறவரானால் அந்த நாற்காலி காலியாகவே கிடக்கும். மற்ற 60 குழந்தைகளின் படிப்பும் அந்த ஒரு குழந்தையின் வருகையில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஆகையால்தான் அக்கினி நட்சத்திர வெயிலில் குடையும் கையுமாக உபாத்தியாயினிகள் கிளம்புகிறார்கள். அங்கன்வாடியில் யார் யாருக்கு ஐந்து வயது முடிகிறது, எந்த வீட்டு மருமகள் குழந்தையுடன் தாய் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறாள், மேலத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த கொத்தனாருக்கு எத்தனை பிள்ளைகள் என்ற விவரமெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. வீட்டு வாசலில் நடக்கும் சம்பாஷணை பெரும்பாலும் இந்த ரீதியில் இருக்கும்:

"வாங்க டீச்சர், உட்காருங்க. மோர் கொண்டு வரட்டுமா?"

"மோர் இருக்கட்டும்மா. பையனுக்கு அஞ்சு முடிஞ்சுடுச்சா?"

"சித்திரையோட முடிஞ்சுது டீச்சர். ஆனா அவங்க அப்பா வேன்லே அனுப்பணும்கிறாங்க. முன்பணம்கூடக் கட்டியாச்சு."

"நீ எங்கே படிச்சே?"

"உங்ககிட்டேதான் டீச்சர்."

இதற்குப் பிறகு இரு தரத்தாருக்கும் பேச்சு ஓடாது. மோர் வந்து சேரும்.

அந்தத் தகப்பனாரைக் குறை சொல்வது சுலபம், நான் சொல்லமாட்டேன். இங்கிலீஷ் தெரியாததால் வேலையிடத்தில் தான் பட்ட அவமானம் மகனுக்கு வேண்டாமென்று அவர் நினைக்கிறார். மஞ்சள் நிற வேன் வீட்டு வாசலில் வந்து நிற்பது தெருவில் ஒரு கௌரவம் என்பதும் உண்மை. இந்த வழியை முதலில் காட்டியவர்கள் யார்? பட்டம் பெற்று உத்தியோகம் பார்க்கும் நம்மைப் போன்ற குடும்பங்கள்தாம் ஊர்ப் பள்ளியை விட்டு முதலில் கிளம்பின. நாம் போன பாதையில் கொத்தனாரும் டிரைவரும் பின்னால் வருகிறார்கள். இதற்குமேல், தனியார் பள்ளிகளில் ஆரம்ப வகுப்பு இடங்களில் நூற்றுக்கு 25-ஐ ஏழைக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டுமென்று கல்வி உரிமைச் சட்டம் விதித்திருக்கிறது. அந்த இடங்களுக்குரிய செலவைச் சர்க்கார் ஈடு செய்வதாக ஏற்பாடு. ஏழைக்கு நல்லதுதான். ஆனால், குலுக்கலில் பெயர் விழுந்த குழந்தை பெரும்பாலும் ஊர்ப் பள்ளியின் பட்டியலிலிருந்து உதிர்ந்த குழந்தை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

"போனால் போகட்டும், வேறு பள்ளிகள் இல்லையா?" என்று ஒருவர் கேட்கலாம். கேட்பவருக்கு இப்பள்ளிகள் எப்படி உண்டாயின என்பதைச் சிறிது ஞாபகப்படுத்துவது அவசியம்.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் மணியும் கையுமாகச் சென்று சிறுவர்களையும் ஆண்களையும் கூட்டித் தினம் இரண்டு வேளை தமிழில் ஜபங்களைக் கற்பித்ததையும், கற்ற சிறுவர்கள் வீட்டில் தாய் தகப்பனுக்குச் சொல்லித் தர வேண்டுமென்று ஏற்பாடு செய்ததையும் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவருக்குப் பின் அதே கரையில் பல்லாண்டு வாழ்ந்த அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறு நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். பதினாறே பக்கம். இந்தியாவில் இந்திய எழுத்துக்களைக் கொண்டு அச்சான முதல் நூல் அதுதான். மறு வருஷம் கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்' ஆசிரியர் கேட்க மாணவன் விடை சொல்லும் முறையில் அமைந்தது. மதத்தைப் பரப்பவே அவர்கள் வந்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. வந்த காரியத்தோடு எழுத்தும் வந்து இந்த மண்ணில் நின்றுவிட்டது.

வீரமாமுனிவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தை 'எ' எழுதி, அதன் கீழே ஒரு சாய்கோடு இழுத்து 'ஏ' ஆக்குகிறதே, அந்தக் கோட்டை நமக்குத் தந்தவர் இத்தாலியிலிருந்து வந்த இந்தச் சந்நியாசி என்றே சொல்லி வருகிறார்கள். அதற்கு முன்பெல்லாம் குறிலின் தலையில் புள்ளி வைத்துத்தான் வேற்றுமை காட்டினார்கள். பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் படைத்தவரும் அவரே. உபாத்தியாயத் தொழிலில் இருக்கும் எங்களைப் பார்த்து அவர் அப்போதே நகைத்து வைத்ததற்கு நாங்கள் யாரிடம் போய் முறையிடுவது?

பெண்களின் படிப்புக்கு 1844 முக்கியமான வருஷம். புதுச்சேரியில் டூபுய் என்ற பிரெஞ்சுக் குருவானவர் பெண் குழந்தைகளுக்குக் கல்வி அளிப்பதற்கென்றே, மரியாளின் மாசற்ற இருதயத்தின் பெயரால், சுதேசிப் பெண்களைக் கொண்ட கன்னியர் சபை ஒன்றை நிறுவினார். பெண் எழுதப் படிக்கக் கற்றால் குடி கெடும் என்று நம்பிய காலம் அது. பத்து வருஷம் கழித்து, 1854-இல், சீமையிலிருந்து வந்த உட் துரையின் கல்வி அறிக்கை, மத வித்தியாசம் பாராமல் நல்ல பொதுக் கல்வி தரும் தனியார் பள்ளிகளுக்குச் சர்க்கார் உதவித் தொகை கொடுக்கலாமென்று கொள்கை வகுத்தது. இன்று 'அரசு உதவி பெறும் பள்ளி' என்று பெயர்ப் பலகையில் எழுதியிருக்கிறதே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

இவ்வளவும் பெருமைக் கணக்கு. மறு பக்கத்தையும் சொல்லாவிட்டால் எழுத்து நேர்மையாகாது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோயிலில் ஒரு ஜாதியார் ஒரு பக்கமும் மற்ற ஜாதியார் மறு பக்கமுமாக நின்று தொழும்படி நடுவே சுவர் இருந்தது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. இடித்ததற்காக நியாயஸ்தலம் வரை வழக்கும் போயிற்று. ஞானஸ்நானத்தின் தண்ணீரால் ஜாதி கரைந்துவிடவில்லை. ஆனால் கோயிலில் நடுச் சுவர் இருந்த அந்தக் காலத்தைத் தாண்டி வந்த பள்ளிக் கூடத்தில், இன்று அகரவரிசைப்படிப் பெயர் கூப்பிட்டு ஒரே பாயில் உட்கார வைக்கிறார்கள். பெற்றோர் விரும்பாவிட்டால் பதிவேட்டில் ஜாதியையும் மதத்தையும் குறிக்காமல் விடலாமென்று 1973-இலேயே தமிழ்நாட்டில் உத்தரவு உண்டு. இந்த உத்தரவைப் பற்றிச் சேர்க்கை நாளில் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லும் பள்ளிகள் எத்தனை என்று கேட்டால் பலர் வேறு பக்கம் பார்ப்பார்கள்.

மதத்தின் பெயரால் இன்னொரு சந்தேகமும் ஜூன் மாதத்தில் தலை தூக்கும்: "அங்கே சேர்த்தால் பிள்ளையை வேதத்தில் சேர்த்துவிடுவார்களோ?" சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. சர்க்கார் பணம் பெறும் பள்ளியில், பெற்றோரின் சம்மதமின்றிக் குழந்தையை மத போதனையில் கலந்துகொள்ளச் செய்யக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 28-ஆம் ஷரத்து கூறுகிறது. ஞானோபதேச வகுப்பு கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு. அந்த நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறிக் கதைகள். பாட்டனார் காலத்திலிருந்து அங்கே படித்த குடும்பங்கள் இன்றும் ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. மாதா கோயில் தேர் தெருவில் வரும்போது அவர்களே உப்பும் மிளகும் காணிக்கை போடுகிறார்கள்.

சமீப காலத்தில் இப்பள்ளிகளுக்கு நேர்ந்த பெரிய சோதனை வயிற்றைப் பற்றியது. மத்தியானச் சாப்பாட்டில் பேதமில்லை. 1956-இல் காமராஜர் காலத்தில் பரவிய திட்டமும், 1982-இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவுத் திட்டமும் உதவி பெறும் பள்ளிகளையும் அணைத்துக்கொண்டன. ஆனால் 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் துவங்கிய காலை உணவுத் திட்டம் முதலில் 1,545 சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கு மட்டுமே கிடைத்தது. 2023 ஆகஸ்டு 25 முதல் எல்லாச் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கும் வந்தது. உதவி பெறும் பள்ளிகளுக்கு அப்போதும் இல்லை. விடியற்காலையில் நாற்று நடவோ களை எடுக்கவோ போகும் தாய் என்ன செய்வாள்? கீழத் தெருவில் சர்க்கார் பள்ளியில் சூடான பொங்கலும் சாம்பாரும்; மேலத் தெருவில் மாதா கோயில் பள்ளியில் வெறும் வயிற்றுடன் பிரார்த்தனை. இரண்டு பள்ளிகளிலும் உட்காருவது ஒரே மாதிரி ஏழைக் குழந்தைகள்தாம். பத்தரை மணிக்குத் தலை சுற்றிச் சாயும் குழந்தையைக் கண்டு பழகியவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றாது. அந்த இரண்டு ஜூன் மாதங்களில் உபாத்தியாயினிகள் வீட்டு வாசல்களில் கேட்ட முதல் கேள்வி, "உங்க பள்ளிக்கூடத்திலே காலையிலே சோறு உண்டா டீச்சர்?" என்பதுதான்.

கடைசியில் நியாயம் கிடைத்தது. 2024 ஜூலை 15, காமராஜரின் பிறந்த நாளன்று, கிராமப்புறங்களில் உள்ள 3,995 உதவி பெறும் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது. துவக்க விழா நடந்த இடம் திருவள்ளூர் ஜில்லாவில் கீழச்சேரிக் கிராமத்துப் புனித அன்னாள் பள்ளி. 2025 ஆகஸ்டு 26-ஆம் தேதி நகரங்களில் உள்ள 2,429 உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. அதைத் துவக்கியது மயிலாப்பூரில் புனித சூசையப்பர் பள்ளியில். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்றாகத் தட்டில் விழுகிறது. எட்டரை மணிக்கே பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். தாமதமாக வருகிறவர்களைக் கண்டிக்கும் வேலை ஆசிரியைக்கு மிச்சம்.

சாப்பாடு வந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. வேன் இன்னும் தெருவில் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒருவருக்கு வேண்டிய இங்கிலீஷை இந்தப் பள்ளியிலேயே ஏன் சொல்லித் தர முடியாது என்ற கேள்விக்குத் தாளாளர்கள் பதில் தேட வேண்டும். ஓட்டுக் கூரையின் ஒழுக்கு, பிள்ளைகளின் கழிப்பறை, குழாயில் வரும் தண்ணீர் ஆகியவற்றைப் பற்றி ஆசிரியையால் வாசலில் நின்று வாக்குக் கொடுக்க முடியாது. தேருக்கு வண்ண விளக்குப் போடச் சேரும் நன்கொடையில் ஒரு பங்கு அந்தக் கூரைக்குப் போகலாமே என்று பங்குச் சபையில் எழுந்து கேட்கும் பெரியவர்கள் இருக்கும் ஊர்களில் பள்ளி தழைக்கிறது. பழைய மாணவர்கள் திருநாளுக்கு ஊருக்கு வரும்போது கோயிலோடு திரும்பிவிடாமல் பத்தடி தள்ளி இருக்கும் கூடத்தையும் எட்டிப் பார்த்தால், அங்கே என்ன குறை என்பது அவர்கள் கண்ணுக்கே தெரியும்.

நாம் கணக்குக்காக வைத்துக்கொண்ட 58-க்குத் திரும்புவோம். ஜூலை மாதத்தில் எண் சிறிது ஏறுவதுண்டு. அடுத்த தவணை கட்ட முடியாமல் வேன் பள்ளியிலிருந்து இருவர் திரும்பி வருவார்கள், 60 ஆகிவிடும். இன்னும் ஒன்று வேண்டும். அந்தச் சமயத்தில் செங்கல் சூளை வேலை முடிந்து குடும்பங்கள் ஊர் திரும்பும். அவர்களோடு ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒன்று வரும். எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் பெயர் ஏறியிராது. பிறப்புச் சான்றிதழும் இராது. சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது, வயதுக்குத் தக்க வகுப்பிலேயே சேர்க்க வேண்டும், குறைந்த படிப்பை ஈடுகட்டத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆகவே பெயர் நான்காம் வகுப்பில் எழுதப்படும். மாலையில் மணி அடித்து மற்றவர்கள் போன பிறகு, காலியான கூடத்தில் தலைமை ஆசிரியை அவளை அருகில் உட்கார வைத்து, சிலேட்டை எடுத்து, 'அ' போட்டுக் காட்டுவார். தம்பியை இடுப்பில் தூக்கிப் பழகிய குழந்தை அது. சிலேட்டையும் அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டு எழுதும்.